ஹால் பாக்கப் போன நாலு நாள்

முதல் நாள்: பிரிஸ்பேன்ல இருந்து வார்விக்

இந்த தடவை பீச்சும் இல்ல, திராட்சைத் தோட்டமும் இல்ல, கிராமத்து ஹால் பாக்கப் போறோம்னு சொன்னப்ப வீட்டம்மா என்னை ஏற இறங்க ஒரு பார்வை பாத்தாங்க. "ஹாலா? யாருக்குக் கல்யாணம்?" கல்யாணம் எல்லாம் இல்லம்மா, சும்மா காலி ஹால். அதுக்கப்புறம் அரை மணி நேரம் பேச்சே இல்ல.

விஷயம் என்னன்னா, ஆஸ்திரேலியாவுல இந்த ஊருக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு, எந்தப் பக்கம் கார்ல போனாலும் ரோட்டோரமா ஒரு கட்டடம் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். தகரக் கூரை, மரப் பலகைச் சுவர், முகப்புல முக்கோணமா ஒரு பலகை, அதுல ஊர் பேர், ஒரு வருஷம், கீழ 'ஹால்'னோ 'ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ்'னோ எழுதியிருக்கும். சில இடத்துல சுத்தி ஒரு வீடு கூட இருக்காது, மாடு மேயுற நிலம், நடுவுல இது மட்டும் தனியா நிக்கும். ஒரு தடவை கூட வண்டிய நிறுத்தினதில்ல. இந்த அக்டோபர் கடைசியில நாலு நாள் லீவு சேந்தாப்ல கெடைச்சதும் நிறுத்திப் பாத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

'ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ்'ன்னா டான்ஸ், டிராயிங் கத்துக் குடுக்கற இடம்னு தான் நான் ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன். அது அப்படி இல்ல. அந்தக் காலத்து 'ஆர்ட்ஸ்' கைத்தொழில், தொழில்நுட்பம், பொது அறிவு எல்லாத்துக்கும் சேத்து ஒரு சொல். 1800ல கிளாஸ்கோவுல ஜார்ஜ் பிர்க்பெக்னு ஒருத்தர் தொழிலாளிகளுக்கு அறிவியல் வகுப்பு நடத்த ஆரம்பிச்சாரு, 1821ல எடின்பரோவுல ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ், 1823ல லண்டன்ல மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்னு அது பரவி, கப்பல் ஏறி 1827ல ஹோபார்ட்டுக்கும் 1833ல சிட்னிக்கும் வந்துடுச்சு. விக்டோரியா பக்கம் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்ம்பாங்க, நியூ சவுத் வேல்ஸ்லயும் குயின்ஸ்லாந்துலயும் ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ், சவுத் ஆஸ்திரேலியாவுல வெறும் இன்ஸ்டிட்யூட். பகல் பூரா உழைக்கிறவன் சாயங்காலம் வந்து பேப்பர் படிக்கணும், புஸ்தகம் எடுக்கணும், பேச்சு கேக்கணும், குடிக்கப் போகக் கூடாது (இந்தக் கடைசி ஆசை எந்த ஊர்லயும் முழுசா நிறைவேறலன்னு நெனைக்கிறேன்).

கன்னிங்ஹாம்ஸ் கேப் மலை ஏத்தத்துல லாரிக்குப் பின்னாடி மாட்டி ஊர்ந்து ஊர்ந்து வார்விக் வந்து சேந்தோம். இங்க டவுன் ஹால் இருக்கு, 1888ல மணற்கல்லுல கட்டினது, கோபுரம் எல்லாம் வெச்சு கம்பீரமா நிக்குது. நல்லா தான் இருக்கு. ஆனா என்னைப் பாரு என் அழகப் பாருன்னு நிக்கற கட்டடத்துக்கு நான் எதுக்கு வக்காலத்து வாங்கணும், அது தன்னைத் தானே பாத்துக்கும். ரெண்டு போட்டோ, அவ்ளோ தான்.

வார்விக்ல அதைவிட எனக்குப் பிடிச்ச சமாச்சாரம் ரயில்வே ஸ்டேஷன்ல நடந்தது. 1917 நவம்பர்ல, கட்டாய ராணுவ சேவை வேணுமா வேணாமான்னு நாடே ரெண்டா பிளந்து கெடந்த நேரம், பிரதமர் பில்லி ஹியூஸ் பேச வந்தப்ப கூட்டத்துல இருந்து ஒருத்தன் முட்டைய வீசி அவர் தொப்பியத் தட்டி விட்டுட்டான், மாநில போலீஸ் சரியா நடவடிக்கை எடுக்கலன்னு கோவப்பட்ட பிரதமர் மத்திய அரசுக்குன்னு தனியா ஒரு போலீஸ் படையே ஆரம்பிச்சிட்டாரு. இதைச் சொன்னப்ப தான் வீட்டம்மா இன்னைக்கு முதல் தடவையா சிரிச்சாங்க.

ரெண்டாம் நாள்: பேர் சொல்லாத ஊர்

இன்னைக்குப் போன ஊரோட பேர எழுதப் போறதில்ல. அங்க இருக்கறதே கொஞ்சம் பேரு, பேர் சொன்னா ஹாலத் தொறந்து காமிச்ச அந்தம்மா யாருன்னு ஊருக்கே தெரிஞ்சிடும், அவங்களுக்கு அது பிடிக்காது. ஹைவேய விட்டு உள்ள போற ரோடு. ஒரு மூடின கடை, மூடின ஸ்கூல், டென்னிஸ் கோர்ட் வெடிப்புல முளைச்ச புல்லு, அப்புறம் ஹால்.

கதவுல ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்துச்சு, அடிச்சேன், பத்து நிமிஷத்துல பின்னாடி சாமான் ஏத்தற பழைய யூட் வண்டி ஒண்ணுல வந்து இறங்கினாங்க. எழுபது தாண்டியிருக்கும். ஹால் கமிட்டியில செக்ரட்டரி, டிரெஷரர், கழுவித் தொடைக்கறது எல்லாம் அவங்க தான். "என்ன பாக்கணும் உங்களுக்கு, இதுல என்ன இருக்கு?"ன்னு கேட்டுக்கிட்டே தான் பூட்டத் தொறந்தாங்க. அப்புறம் ரெண்டரை மணி நேரம் அவங்களே பேசினாங்க.

முதல்ல வெளிய. கட்டடம் தரையில உக்காரல, மரக் கட்டைக் கால் மேல நிக்குது. ஒவ்வொரு கால் உச்சியிலயும் தட்டு மாதிரி ஒரு தகர மூடி. கரையான் நேரா ஏறி வர முடியாது, தகரத்தச் சுத்தி மண்பாதை கட்டினா கண்ணுல பட்டுடும், தட்டி விட்டுடலாம். குயின்ஸ்லாந்து பழைய வீடு எல்லாத்துலயும் இது இருக்கு, நான் இத்தனை வருஷமா அலங்காரம்னு நெனச்சிட்டு இருந்தேன்.

உள்ள போனதும் வாசனை. பழைய மரம், மெழுகு, எலிப் புழுக்கை, டீ பவுடர். செங்குத்தா அடிச்ச பலகைச் சுவர், ஒரு பக்கம் சின்ன மேடை. ஆனா அங்க ராஜா தரை தான். க்ரோஸ் ஆஷ்னு ஒரு மரம், இயற்கையாவே லேசா எண்ணெய்ப் பசை உள்ளது, அதனால டான்ஸ் தரைக்குன்னே தேடிப் போட்டிருக்காங்க. டான்ஸுக்கு முந்தின நாள் மெழுகுவத்தியச் சீவித் தூவி, கோணிப் பைல குழந்தைங்கள உக்கார வெச்சு பெரியவங்க இழுத்துக்கிட்டு ஹால் பூரா ஓடுவாங்களாம், அதுல தரை கண்ணாடி மாதிரி ஆயிடும். அந்தம்மாவும் அந்தக் கோணிப் பைல உக்காந்தவங்க தான். அறுபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பாலீஷ் போட்ட கருவி இன்னைக்கு பூட்டத் தொறந்து நிக்குது, நான் இதை எங்க போய் எழுதுவேன்.

தரைய உத்துப் பாத்தா எல்லா இடமும் ஒரே மாதிரி தேயல. நடுவுல வட்டமா தேஞ்சிருக்கு, சுவர் ஓரம் பெஞ்சு போட்ட இடம் புதுசு மாதிரி இருக்கு, பக்கத்து ரூமுக்குப் போற வாசல்ல மட்டும் ஒரு குழி. அந்த ரூம் தான் சப்பர் ரூம். டான்ஸ் பாதியில நிக்கும், எல்லாரும் அங்க போய் சாப்பிடுவாங்க, சாப்பாடு பெண்கள் ஆளுக்கொரு தட்டுல செஞ்சு கொண்டு வந்தது. நோட்டீஸ்ல 'லேடீஸ் எ ப்ளேட்'னு தான் போடுவாங்க. இந்த வார்த்தைய வெச்சு நான் ஏமாந்த கதை தனி. வந்த புதுசுல ஒரு ஆபீஸ் பார்ட்டிக்கு 'ப்ளேட் கொண்டு வாங்க'ன்னாங்க, நானும் பொறுப்பா பேப்பர் ப்ளேட் அம்பது இருக்கற பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டுப் போய் டேபிள்ல வெச்சேன். இதைச் சொன்னதும் அந்தம்மா சிரிச்ச சிரிப்புல மேடைக்கு மேல இருந்து ஒரு பல்லி விழுந்துச்சு, நெசமா.

மேடைக்குப் பக்கத்துல ஹானர் போர்டு. முதல் உலகப் போருக்குப் போனவங்க பேரு, தங்க எழுத்து. திரும்பி வராதவங்களுக்குப் பக்கத்துல ஒரு சின்ன சிலுவை. ஒரே குடும்பப் பேரு நாலு தடவை வருது, அதுல ரெண்டுக்கு சிலுவை. இவ்ளோ சின்ன ஊர்ல இருந்து இவ்ளோ பேரான்னு தான் தோணுச்சு. உடம்பு வெளிநாட்டுலயே புதைஞ்சிடுச்சு, ஊர்ல கல்லறை கெடையாது, அதனால அம்மா அப்பாவுக்கு போய் நிக்கறதுக்குன்னு இருந்த இடம் இந்தப் பலகை தான்.

அப்புறம் கிச்சன். அசிங்கம். 1960கள்ல போட்ட லேமினேட் மேடை, மஞ்சள்ல, பழைய ஜன்னல் ஒண்ண அடைச்சு வேற கட்டியிருக்காங்க. இதை இடிச்சுட்டா ஹால் அசல் மாதிரி ஆயிடும்ல?ன்னு நான் கேட்டேன். அந்தம்மா முகம் மாறிடுச்சு. அந்த கிச்சன் கட்ட பணம் சேக்க அவங்க அம்மா மூணு வருஷம் கேக் வித்தாங்களாம்.

ஆஸ்திரேலியாவுல பாரம்பரியக் கட்டட வேலை பாக்கறவங்க பர்ரா சார்ட்டர்னு ஒண்ண கையில வெச்சிருப்பாங்க, 1979ல சவுத் ஆஸ்திரேலியாவுல பர்ராங்கற பழைய சுரங்க ஊர்ல கூடி ஏத்துக்கிட்டது. அதுல ரெண்டு விஷயம் எனக்கு இன்னைக்கு தான் உறைச்சுது. ஒண்ணு, தேவையான அளவுக்கு மாத்து, ஆனா முடிஞ்ச அளவுக்குக் கம்மியா மாத்து. இன்னொண்ணு, ஒரு இடத்துல எல்லாக் காலத்துக்காரங்களும் சேத்ததுக்கும் மரியாதை குடு, முதல்ல கட்டினவன் மட்டும் பெரியாள் இல்ல. மஞ்சள் கிச்சன் ஜெயிச்சிடுச்சு, நான் தோத்துட்டேன்.

ஏன் காலியாச்சுன்னு கேட்டா ஒரே பதில் இல்ல. நியூ சவுத் வேல்ஸ்ல 1939ல லைப்ரரி சட்டம், குயின்ஸ்லாந்துல 1943ல, அப்புறம் கவுன்சில் லைப்ரரிங்க வந்து புஸ்தகம் எல்லாம் அங்க போயிடுச்சு. 1959ல பிரிஸ்பேனுக்கு டிவி வந்துச்சு. கார் வந்ததும் இளசுங்க வார்விக் போயிட்டாங்க, ஸ்கூல மூடினதும் குடும்பங்களும் போயிட்டாங்க. இப்ப வருஷத்துல தேர்தல் வந்தா ஓட்டுச்சாவடி, காட்டுத்தீ வந்தா ஜனங்க ஒதுங்கற இடம், ஒரு கிறிஸ்துமஸ் மரம், எப்பவாவது ஒரு டான்ஸ். வர்ற வாடகை இன்சூரன்ஸ் கட்டவே பத்தலையாம்.

கெளம்பறப்ப அந்தம்மா "நாளன்னைக்கு சாயங்காலம் இந்தப் பக்கமா வந்தா டான்ஸ் இருக்கு, வாங்க"ன்னாங்க. அப்புறம் வீட்டம்மாவப் பாத்து, "ப்ளேட் கொண்டு வாங்க, காலியா வேணாம்."

மூணாம் நாள்: வாலங்காரா, டென்டர்ஃபீல்டு, பூட்டின கதவு

இன்னைக்குத் தான் பயணத்தோட 'மெயின் பிக்சர்'. டென்டர்ஃபீல்டு ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸ், ஆஸ்திரேலியாங்கற நாடு உருவாகறதுக்குப் பொறி தட்டினதுன்னு சொல்ற இடம். ஆனா அதுக்கு முன்னாடி குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் எல்லையில வாலங்காரா ரயில்வே ஸ்டேஷன்ல நிறுத்தினோம், அங்க நின்னது தான் வினை.

வழக்கமா ரயில் வராத ஸ்டேஷன் தான், ஆனா அந்த டென்டர்ஃபீல்டு ஹால்ல ஹென்றி பார்க்ஸ்ங்கற தலைவர் என்ன பேசினாருன்னு புரியணும்னா இங்க ஒரு தடவை நிக்கணும். குயின்ஸ்லாந்து தண்டவாளம் 1067 மில்லிமீட்டர் அகலம், நியூ சவுத் வேல்ஸோடது 1435. 1888ல ரெண்டு பாதையும் இங்க வந்து முட்டிக்கிச்சு, சேர முடியல. பிரிஸ்பேன்ல இருந்து சிட்னி போறவன் நடுராத்திரியானாலும் மூட்டை முடிச்சோட இறங்கி பிளாட்ஃபாரத்த கடந்து மறுபக்க ரயில்ல ஏறணும். பிளாட்ஃபாரக் கூரை கூட ரெண்டு தினுசு, குயின்ஸ்லாந்து பக்கம் வளைஞ்ச கூரை, அந்தப் பக்கம் நேரா சாய்ஞ்ச கூரை. அப்ப எல்லாம் தனித்தனி காலனி, தனித்தனி சுங்கவரி, தனித்தனி ராணுவம். ஒரு கூரைய ஒரே மாதிரி போட்டுக்க முடியாத ஆளுங்க.

நல்லா ரசிச்சு, போட்டோ எடுத்து, டீ குடிச்சு, இருபது நிமிஷ டிரைவ் தான, மியூசியம் மூட இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குன்னு கணக்குப் போட்டு டென்டர்ஃபீல்டு போய் இறங்கினா கதவு பூட்டியிருக்கு. யார் மேலயும் தப்பு இல்ல. நியூ சவுத் வேல்ஸ்ல அக்டோபர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, குயின்ஸ்லாந்து தள்ளாது. எல்லையத் தாண்டின நொடியில ஒரு மணி நேரம் காலி. பதினாலு வருஷம் இங்க இருந்துட்டு இதை மறந்தேன் பாருங்க.

"எல்லாரும் ஒண்ணா சேரணும்னு பேசின ஊருக்கு வந்து, ரெண்டு மாநிலமும் மணி கூட ஒண்ணா வெச்சுக்காததால கோட்டை விட்டுட்டீங்க"ன்னு வீட்டம்மா சொன்னாங்க. இந்தப் பயணத்துல நான் எழுதினதெல்லாம் சேத்தாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது. கோவிட் காலத்துல இதே எல்லையில தடுப்பு போட்டு ஆள நிறுத்தினதும் ஞாபகம் வந்துச்சு.

வெளிய நின்னு பாத்ததுல ஒண்ணு மட்டும் சொல்றேன், கட்டடம் சின்னது. 1876ல கட்டினது. சரித்திரம் படிச்சுட்டு வந்தவன் மனசுல ஒரு பெரிய மண்டபம் இருக்கும், எனக்கும் இருந்துச்சு.

நாலாம் நாள்: உள்ள, அப்புறம் திரும்பி

காலையில மொத ஆளா போய் நின்னோம் (மணிய ரெண்டு போன்ல செக் பண்ணிட்டு).

1889 அக்டோபர் 24. நியூ சவுத் வேல்ஸ் பிரிமியர் (நம்ம முதலமைச்சர் மாதிரி) ஹென்றி பார்க்ஸ் பிரிஸ்பேன் போயிட்டு ரயில்ல திரும்பி வர்றாரு, அப்ப வயசு 74. டென்டர்ஃபீல்டு அவரு முன்னாடி எம்.எல்.ஏவா இருந்த தொகுதி, ஊர்க்காரங்க விருந்து வெக்கறாங்க. அங்க எந்திரிச்சு, அமெரிக்கா ஒண்ணா சேந்தப்ப இருந்த அளவுக்கு இப்ப நம்மகிட்ட ஜனத்தொகை இருக்கு, பாதுகாப்புக்கு ஒரே படை வேணும், ரயில் பாதை ஒரே அகலம் வேணும், முழுக் கண்டத்துக்கும் ஒரே அரசாங்கம் அமைக்கற நேரம் வந்தாச்சுங்கற மாதிரி பேசறாரு. 1890ல மெல்பர்ன்ல மாநாடு, 1891ல சிட்னியில மாநாடு, அப்புறம் வாக்கெடுப்பு, 1901 ஜனவரி 1ல ஆஸ்திரேலியா. அவரு 1896லயே போயிட்டாரு, பாக்கல.

எனக்குப் பிடிச்சது வேற. பார்க்ஸ் பெருசா பள்ளிக்கூடம் போகாதவரு, பர்மிங்ஹாம்ல தந்தத்தக் கடையற தொழிலாளி, சாயங்காலம் அங்க இருந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய்த் தானே படிச்சவரு. அப்படி ஒரு ஹால்ல படிச்ச ஆளு அறுபது வருஷம் கழிச்சு உலகத்தோட இன்னொரு மூலையில அதே குடும்பத்து ஹால் ஒண்ணுல நின்னு நாட்டையே கட்டலாம்னு பேசறாரு. ஹாலுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிச்சுன்னு வெச்சுக்கலாம்.

சரி, பெருமை போதும். அப்படி உருவான நாட்டோட நாடாளுமன்றம் கூடின முதல் வருஷமே, 1901லயே, குடியேற்றத் தடைச் சட்டம் போட்டுச்சு. உள்ள வர்றவனுக்கு ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில அம்பது வார்த்தை டிக்டேஷன், அதிகாரிக்குப் பிடிக்கலன்னா தெரியாத மொழியாப் பாத்துக் குடுக்கலாம். 1958 வரைக்கும் இது சட்டம். என்னைய மாதிரி ஒருத்தன் அன்னைக்கு வந்திருந்தா சிட்னி துறைமுகத்தோட சரி. இந்த மேடைக்கு முன்னாடி உக்காந்து நான் இதைத் தான் யோசிச்சிட்டு இருந்தேன், பார்க்ஸ் பேச்ச இல்ல.

இந்த மண்ணோட பழங்குடியான ஜூகம்பல் ஜனங்களுக்கு இந்த மாதிரி ஹாலுங்க எப்படி இருந்திருக்கும்னும் யோசனை ஓடுச்சு. இங்க இருந்து மேற்க மோரீங்கற ஊர்ல 1955ல கவுன்சில் ஒரு விதியே போட்டுச்சு, பழங்குடி மக்கள் மெமோரியல் ஹாலுக்குள்ளயும் அதோட சப்பர் ரூமுக்குள்ளயும் நீச்சல் குளத்துக்குள்ளயும் வரக் கூடாதுன்னு. சப்பர் ரூம்ங்கற வார்த்தைய எழுதி வெச்சிருக்காங்க. 1965 பிப்ரவரியில பழங்குடி மாணவர் சார்ல்ஸ் பெர்க்கின்ஸும் சிட்னி யுனிவர்சிட்டி மாணவர்களும் பஸ்ஸுல வந்து அங்க போராடினது அதுக்கு அப்புறம் தான். முந்தாநேத்து தேஞ்ச வாசப்படியப் பாத்து உருகினேன்ல, எந்தக் காலு தேய்ச்சுது, எந்தக் காலத் தேய்க்க விடலங்கற கேள்வியும் அந்தக் குழியிலயே இருக்கு. ஹாலுக்கு மதிப்பு போடறவங்க ரெண்டையும் எழுதணும்.

டென்டர்ஃபீல்டு ஹாலுக்கு ஒரு ராத்திரி போதும், அந்த ஒரு பேச்ச வெச்சே அதைக் காப்பாத்திட்டாங்க, இப்ப மியூசியமாவும் சினிமா காட்டற இடமாவும் ஓடுது, சந்தோஷம். பேர் சொல்லாத ஊர்ல பெரிய ராத்திரின்னு ஒண்ணு கெடையாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சின்ன ராத்திரி, அதுல ஒண்ணு கூட பேப்பர்ல வரல. அதோட மதிப்ப பாரம்பரியக் கட்டடப் படிவம் எதுல நிரப்பறது? 'சமூக மதிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கு, ஆனா அதை நிரப்ப உயிரோட இருக்கற ஆளுங்க வேணும், அவங்க எண்பதுக்குப் பக்கத்துல இருக்காங்க. போய் உக்காந்து கேட்டு எழுதறதுக்கு ஆள் வேணும், சிமென்ட் அப்புறம் தான்.

திரும்பற வழியில சாயங்காலம் அங்க போனோம். வீட்டம்மா ஸ்டான்தோர்ப்ல ஆப்பிள் பை ஒண்ணு வாங்கி எங்க வீட்டுத் தட்டுல மாத்தி வெச்சுட்டாங்க, வீட்டுல செஞ்சதுன்னு யாராவது கேட்டா நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு. முப்பது பேரு இருக்கும். ஒரு அக்கார்டியன், ஒரு டிரம்ஸ். எனக்கு ஆட வராது, பெஞ்சுல தேயாத தரை மேல உக்காந்திருந்தேன், அந்தம்மா வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாங்க, பேர்ன் டான்ஸாம், ஜோடி மாறிக்கிட்டே போகும், அதனால தப்பா ஆடினாலும் சீக்கிரமே அடுத்தவங்க தலையில கட்டிடலாம். மூணு பேர் கால மிதிச்சேன்.

முடிஞ்சதும் நாற்காலி எல்லாம் மடக்கி அடுக்கினோம். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஹால் பேரோட முதல் எழுத்து பெயின்ட்ல போட்டிருக்கு, ஒண்ணு மட்டும் பக்கத்து ஊர் ஹால் எழுத்து. எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். "1974, திருப்பிக் குடுக்கணும்"ன்னு சொல்லி அதையும் சேத்தே உள்ள வெச்சுப் பூட்டினாங்க. கதவுகிட்ட டப்பால கோல்ட் காயின் டொனேஷன்னு எழுதியிருந்துச்சு (நெசத் தங்கம் இல்ல, தங்க நிறத்துல இருக்கற ஒரு டாலர், ரெண்டு டாலர் காசு), ரெண்டு டாலர் காசு கையில இல்ல, இருபது டாலர் நோட்டப் போட்டேன், ஓட்டை சின்னதா இருந்ததால நாலா மடிக்க வேண்டியிருந்துச்சு. வண்டியில ஏறினப்புறம் தான் வீட்டம்மாவுக்கு ஞாபகம் வந்துச்சு, தட்டு உள்ளயே இருக்கு.